பாலத்தில் என் உபயம்

கோயில் டியூப்லைட்டில் வெளிச்சமே வராத அளவுக்குப் பெயர் எழுதி வைக்கிறவர்களைக் கிண்டல் செய்து ஒரு காலத்தில் கட்டுரை எழுதியிருக்கிறேன். சிலர் பாராட்டினார்கள். ஒருவர் போனில் கூப்பிட்டுத் திட்டினார். இரண்டையும் சமமாக அனுபவித்தேன். அப்படிப்பட்ட நான், அரசாங்கத்துக்குச் சொந்தமான நெடுஞ்சாலைப் பாலத்தில், ஈரச் சிமெண்டில், தென்னை ஈர்க்கால் 'உபயம்' என்று எழுதி, அதன் கீழே என் பெயரையும் எழுதினேன். இனிஷியலோடு. பெயருக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்ததால் 'எழுத்தாளர்' என்றும் போட்டுக்கொண்டேன்.

பாலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தேனிக்குப் போகிற நெடுஞ்சாலை எங்கள் ஊரைத் தாண்டியதும் முல்லைப் பெரியாற்றின் மேல் ஏறி இறங்கும். அந்தப் பாலத்துக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருவருக்கும் மேல்பூச்சு அடிக்கடி நடந்திருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. என் அலுவலகம் அக்கரையில். தினமும் காலையில் ஸ்கூட்டரில் பாலத்தைக் கடந்துதான் போகவேண்டும்.

பாலம் ஒரே பலகை அல்ல. தூணுக்குத் தூண் தனித்தனித் துண்டாக வைத்திருக்கிறார்கள். ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் சாலையின் குறுக்கே ஒரு வெட்டு இருக்கும். விரல் நுழைகிற அகலம். ஊரில் அதைக் 'கேப்பு' என்பார்கள். எங்கள் பக்கமிருந்து ஏறினால் வருகிற முதல் கேப்புதான் என் எதிரி. மற்ற கேப்புகளில் வண்டி லேசாகக் குலுங்கும்; இதில் 'டடக்' என்று தூக்கிப்போடும். அதுவும் சாப்பாட்டுத் தூக்கில் மோர்க்குழம்பு இருக்கிற நாளாகப் பார்த்துத் தூக்கிப்போடும். வலது தொடையில் மஞ்சள் நிறத்தில் இந்திய வரைபடத்தோடு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவனால் பொதுநலத்தைப் பற்றிச் சிந்திக்காமல் இருக்க முடியாது.

மச்சானிடம் பேசினேன். மச்சான் என்பது என் மனைவியின் அண்ணன். ஊருக்கு வெளியே பன்னீர் திராட்சை போட்டிருக்கிறார். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தலில் கொடி ஏற்றிய தோட்டம். மருந்து கலக்க அங்கே ஒரு தொட்டி கட்டியதில் மீந்துபோன சிமெண்டு, பம்ப்செட் அறையில் மூட்டையாகக் கிடந்தது. அது கிடக்கிற விஷயம் எனக்குத் தெரியும்.

"மச்சான், அந்தக் கேப்ப நாமளே அடைச்சுப்புட்டா என்ன?"

"கவருமெண்டுப் பாலத்த நாம தொடலாமா மாப்ள?"

"நல்லது செய்யத்தான கேக்குறோம். கெடுக்கவா போறோம்?"

இந்த வாக்கியத்தை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் என் மனைவி வைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் வேலை நடந்தது. எங்கள் நடைப்பயிற்சிக் கோஷ்டி முழுக்க வந்திருந்தது. மணலும் சிமெண்டும் கலந்து கேப்பில் குத்திக் குத்தி இறக்கினோம். ஸ்கூட்டர் போகிற ஓரத்தில் விளிம்புகளின் மேலும் ஒரு சாண் அகலத்துக்குப் பூசி, மட்டப்பலகை வைத்து இழுத்தோம். வேலை முடிந்தபின் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினோம். எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு காரியம் முடிந்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அப்புறம் பெயர். இரண்டு பெயர் எழுத இடமில்லை. ஒரு பெயருக்குத்தான் இடம் என்றால் அது எழுத்தாளன் பெயராகத்தான் இருக்கும். இதை மச்சான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. போகிற கல்யாண வீட்டிலெல்லாம், "சிமெண்டு என்னது, மணலு என்னது, பேரு மட்டும் அவுகளுது" என்று பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் ரசத்துக்குக் கை நீட்டுவார்.

மறுநாள் ஸ்கூட்டர் அந்த இடத்தை வழுக்கிக்கொண்டு கடந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. அதே ஆண்டு மழைக்கு முன்னால் நெடுஞ்சாலைக்காரர்கள் வந்து வழக்கம்போலப் பழைய தாரின் மேல் புதுத்தார் ஊற்றி உருட்டிவிட்டுப் போனார்கள். என் பெயர் அடியில் போனது. மச்சானுக்கு அதில் கொஞ்சம் ஆறுதல்.

இந்தச் சித்திரையில்தான் பாலத்தை முறையாகப் பழுதுபார்க்க வந்தார்கள். இந்தத் தடவை மேலே ஊற்றுகிற வேலை இல்லை. பழைய தாரையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுகிற வேலை. ஒரு பாதியை மூடிவிட்டு மறுபாதியில் வண்டிகளை விட்டார்கள். தாரைச் சுரண்ட ஒரு பெரிய இயந்திரம் வந்திருந்தது. பொறுப்பாக வந்த இளநிலைப் பொறியாளர் ஒரு பெண். தலையில் மஞ்சள் தொப்பி, கழுத்தில் துண்டு. இரண்டாவது நாளே ஊர் அவரை 'இஞ்சினியரம்மா' என்று அழைக்க ஆரம்பித்துவிட்டது.

எங்கள் ஊரில் குழி தோண்டினாலே கூட்டம் கூடும். பாலத்தைச் சுரண்டினால் கேட்கவேண்டுமா? பாலத்தின் முனையில் டீக்கடை வைத்திருப்பவர் அடுப்பை எரியவிட்டுவிட்டு எங்களோடு வந்து நின்றார். நானும் அரைநாள் லீவு போட்டிருந்தேன். பாலத்தின் வயிற்றில் என் பெயர் இருக்கிறது என்பது அன்று காலை விழித்ததும் ஞாபகம் வந்துவிட்டது.

முதல் அதிர்ச்சி தாரிலேயே இருந்தது. இயந்திரம் சுரண்டிவிட்டுப் போன விளிம்பில் பார்த்தால் அடுக்கு, அடுக்கின் மேல் அடுக்கு. கொத்துப் பரோட்டாவுக்குப் போகுமுன் தட்டிப் பிரித்த பரோட்டா மாதிரி இருந்தது. இத்தனை காலமும் பாலம் தன் மேல் இன்னொரு பாலத்தைச் சுமந்துகொண்டு நின்றிருக்கிறது. தார் இறங்க இறங்க ஓரத்துக் கைப்பிடிச் சுவர் உயர்ந்துகொண்டே வந்தது. அது முழங்கால் உயரச் சுவர் என்று நினைத்துத்தான் மாலை நேரங்களில் நாங்கள் அதில் உட்கார்ந்து உலக அரசியல் பேசுவோம். அது என் இடுப்புக்கு மேல் வந்து நின்றது. ஆள் ஆற்றில் விழாமல் இருக்கக் கட்டிய சுவரின் உச்சியில், ஆற்றுக்கு முதுகைக் காட்டி, கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறோம். சிரிப்பு வரும்போது பின்னால் சாய்ந்து வேறு சிரித்திருக்கிறோம். அதை நினைத்த மாத்திரத்தில் நான் நடுச்சாலைக்கு நகர்ந்து நின்றுகொண்டேன்.

அப்புறம் சுவரோரத்தில் வட்ட வட்டமாக இரும்பு வாய்கள் தெரிந்தன. எல்லாம் தாரால் அடைபட்டிருந்தன. மழைத்தண்ணீர் ஆற்றில் இறங்க வைத்த குழாய்களாம்.

"அப்ப இம்புட்டு வருசமும் மழத்தண்ணி எங்குட்டுப் போச்சு தாயி?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"பாலத்துக்குள்ள போச்சு" என்றார் பொறியாளர், ஏதோ பஸ் எங்கே போகிறது என்று சொல்கிற மாதிரி. டீக்கடைக்காரர் கையில் பிடித்திருந்த கிளாசைக் கீழே வைக்க இடம் தேடினார். பாலத்தின் மேல் வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

கேப்புக்குப் பக்கத்தில் வந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். கேப்பின் விளிம்பு உடையக்கூடாதாம்; அங்கே கடப்பாரையால்தான் தாரைப் பெயர்ப்பார்களாம். இயந்திரம் போயிருந்தால் எழுத்து பொடியாகிப் போயிருக்கும். கடப்பாரை என்றால் பக்குவமாகத் திறந்து காட்டிவிடும். கடப்பாரைக்காரர் வடக்கே எங்கிருந்தோ வந்தவர். தாரை ஒரு பாளமாக நெம்பி, புரட்டி, வெயிலில் மல்லாக்கப் போட்டார்.

பாளத்தின் அடிப்பக்கத்தில் எழுத்துகள் புடைத்துக்கொண்டு நின்றன. இடவலம் மாறி, அச்சகத்தில் கோத்த எழுத்து மாதிரி. என் பெயர் அச்சில் வருவது எனக்குப் புதிதல்ல. தாரில் வந்தது அதுதான் முதல்முறை. கேப்பில் இருந்த சிமெண்டில் அதே எழுத்துகள் பள்ளமாக, நேராக, நேற்று எழுதியதுபோல இருந்தன. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று சின்ன வயதில் வாத்தியார்கள் சொன்னது பொய்யில்லை.

டீக்கடைக்காரர் குனிந்து எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தார். "உ...ப...யம்." அப்புறம் என் பெயரை வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஊரே என்னைப் பார்த்தது. மச்சான் மட்டும் ஆற்றைப் பார்த்தார்.

"யார் இது?" என்று கேட்டார் பொறியாளர்.

"அதே பேர்ல வேற யாராச்சும் இருக்கலாம்" என்றேன்.

"எழுத்தாளர்னும் போட்டிருக்கே?"

"அப்பிடின்னா இவுகதான்" என்றார் டீக்கடைக்காரர். "நம்மூர்ல அந்தத் தொழிலுக்கு வேற ஆளு இல்ல."

மச்சான் என் காதருகே வந்தார். இத்தனை வருடத்தில் அவர் குரலில் அவ்வளவு பாசத்தை நான் கேட்டதில்லை. "நல்லவேள மாப்ள, எம்பேரப் போடாம விட்டீக."

பொறியாளர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். பள்ளிப் பிள்ளைக்குச் சொல்கிறமாதிரி சொன்னார். "வெயில்ல பாலம் நீளும் சார். குளிர்ல சுருங்கும். அது நீள்றதுக்கு விட்ட எடம் இது. இத அடைச்சா அது எங்க போகும்?"

எங்கே போகும்? வெப்பத்தில் பொருள்கள் விரியும் என்பது எனக்குத் தெரியாததா? எட்டாம் வகுப்பில் ரயில் தண்டவாளத்துக்கு நடுவில் இடைவெளி வரைந்து, பாகம் குறித்து, முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அந்தப் படம் எனக்குத் தாளில் வந்தது, தெருவில் வரவில்லை. தெருவில் எனக்கு மோர்க்குழம்புதான் தெரிந்தது.

"கீழ இறங்கிப் பாக்கப் போறோம், நீங்களும் வர்றதுன்னா வாங்க" என்றார். அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டு, கருவேல முள்ளுக்கு நடுவில் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன். ஆற்றில் தண்ணீர் கணுக்கால் அளவுக்குத்தான் ஓடியது. தூண்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போனோம். ஓரிடத்தில் அவர் நின்று டார்ச்சை மேலே அடித்தார். அது எத்தனையாவது தூண் என்று எண்ணிப் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

பாலத்தை மேலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: அப்படியே இருந்துவிடுங்கள். தூணின் தலையில் வந்து உட்கார்கிற உத்திரத்தின் முனை, எலி தின்ற சோளக்கதிர்போல இருந்தது. காரை உதிர்ந்து, கம்பிகள் கருவாட்டு முள் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உத்திரத்துக்கும் தூணுக்கும் நடுவில் நகர்ந்து கொடுக்கவேண்டிய இரும்புத் தகடுகள் துருவேறி ஒரே கட்டியாகியிருந்தன. வெடிப்பில் ஓர் அரசமரக் கன்று தளதளவென்று வளர்ந்திருந்தது. அதற்கு மட்டும் எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மேலே, திறந்திருந்த பாதியில் பேருந்து வந்தது. ஹாரன் சத்தத்திலேயே எந்த வண்டி என்று தெரிந்தது. என் மனைவி வழக்கமாகத் தேனிக்குப் போகிற வண்டி அதுதான். பேருந்து தலைக்கு மேலே வந்ததும் உத்திரத்தின் முனை கீழே இறங்கியது. பேருந்து போனதும் மேலே வந்தது. தூங்குகிறவன் வயிறு ஏறி இறங்குகிறமாதிரிதான். ஒரு காரைத் துண்டு என் முன்னால் தண்ணீரில் 'ளொபக்' என்று விழுந்தது.

நகைச்சுவைக் கட்டுரைகளில் 'அதிர்ச்சியில் உறைந்தேன்' என்று பல தடவை எழுதியிருக்கிறேன். எதுவும் உறைவதில்லை. தூக்கிக் கட்டிய வேட்டிதான் அவிழ்ந்து தண்ணீரில் நனைகிறது. இதன் மேல்தான் என் பிள்ளைகள் பள்ளிக்கூட வேனில் போனார்கள். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை அடைத்து ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் பறந்தன. இதைத்தான் நான் 'டடக்' என்று குறை சொன்னேன். சொன்னதோடு விட்டேனா?

பொறியாளர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "பாதி பாதியா பாக்க முடியாது சார். முழுசா மூடணும். இப்பவே."

அந்தி சாய்வதற்குள் இரண்டு பக்கமும் பீப்பாய்களை உருட்டி வைத்துப் பாலத்தை மூடிவிட்டார்கள். வெயிலில் நீளப் பார்த்த பாலத்தை என் சிமெண்டு நெருக்கி, நெருக்கிய இடத்தில் உத்திரம் நொறுங்கி, அதனால் ஊருக்கும் தேனிக்கும் நடுவில் போக்குவரத்து நின்றது. கீழேயிருந்து மேலே ஏறி வருவதற்குள் இந்தக் கதை என் மனதில் முழுசாக எழுதி முடிந்துவிட்டது. யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. யாரும் சொல்லவேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் மச்சான் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். காலையில் காதில் சொன்ன பாசமெல்லாம் வடிந்திருந்தது. அவருடைய திராட்சை அறுப்புக்கு வந்துவிட்டது. தேனியிலிருந்து வியாபாரியின் லாரி வந்து ஏற்றவேண்டும். லாரி வர இருந்த நல்ல வழி பாலம் ஒன்றுதான். சுற்றிக்கொண்டு வர வாய்க்கால் கரைப் பாதை இருக்கிறது. அது முழுக்கக் கல்லும் குழியும். ஓடைப்பட்டிப் பக்கத்து விதையில்லாத் திராட்சையாவது கொஞ்சம் குலுக்கலைத் தாங்கும் என்று மச்சான் சொல்வார். பன்னீர் திராட்சை கொத்தைவிட்டு உதிர்ந்துவிடும்.

"வியாபாரி என்ன சொல்றாக மச்சான்?"

"என்னத்தச் சொல்லுவாக? கல்லு ரோட்டுல வந்தா எனக்குக் கொத்து வராது, கோலிக்குண்டுதான் வரும்ங்கிறாக. பாலந் தொறக்கட்டும், அப்பறம் பாப்பம்ங்கிறாக."

"பாலம் தொறக்க எம்புட்டு நாளாகும்?"

"அதக் கட்டுனவுக நீங்கதான? உங்களத்தான் கேக்கணும்."

என் மனைவி வாசலுக்குப் போய்க் கிழக்கே அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தாள். மேகமலை இருக்கிற இடம் தெரியவில்லை; கறுப்பாக ஒரு மூட்டம்தான் இருந்தது. கோடைமழை. பழுத்துத் தொங்குகிற பன்னீர் திராட்சையில் மழை விழுந்தால் தோல் வெடித்துவிடும். அப்புறம் அது குளவிக்கும் வண்டுக்கும்தான்.

"எங்கண்ணன் ராவும் பகலுமாப் பாடுபட்டது, உங்க மோர்க்குழம்புக்குப் போச்சாக்கும்?" என்றாள்.

"இதப் பத்தி ஒரு கட்டுரை எழுதுறேன்" என்றேன்.

"எழுதுனா லாரி வருமா மாப்ள?" என்று மச்சான் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே வருமா என்று ஓர் ஆசையில் கேட்டார். அதுதான் என்னைக் கொன்றது.

காலையில் எழுந்ததும் பாலத்துக்குப் போனேன். பொறியாளர் பீப்பாய் பக்கத்தில் நின்றுகொண்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"வண்டி விட முடியாது சார். பைக்கைக்கூட விடமாட்டேன்."

"ஆளு?"

கையில் இட்லியோடு பாலத்தை ஒருமுறை பார்த்தார். ஆறு வருகிற பக்கத்து ஓர உத்திரம் நல்ல நிலையில் இருந்ததாம். ஊரார் அந்த ஓரமாக நடந்து போவதை ஏற்கெனவே அனுமதித்திருந்தார். "அந்த ஓரமா, சுவர ஒட்டி, ஒருத்தர் பின்னால ஒருத்தர். ஆளுக்கு ஒரு பெட்டி. நடுவுல எங்கயும் கூட்டமா நிக்கக் கூடாது. மழை வந்தா எல்லாரும் எறங்கிரணும்" என்றார்.

லாரி அக்கரையில் பீப்பாய்க்கு அந்தப் பக்கம் வந்து நிற்பதாக வியாபாரி ஒப்புக்கொண்டார். தலையில் சுமந்து வந்தால் கொத்து குலுங்காது. அது அவருக்குப் பிடித்திருந்தது. இக்கரை வரை டிராக்டர், அங்கிருந்து தலை. மச்சான் திராட்சை வெட்டுகிற பெண்களையெல்லாம் திரட்டினார். நான் லீவு போட்டேன். யாரும் கூப்பிடவில்லை; வராமல் இருக்கவும் முடியவில்லை.

சும்மாடு சுற்றத் தெரியாததால் துண்டை அப்படியே தலையில் போட்டுக்கொண்டேன். பெட்டியைத் தூக்கி வைத்ததும் துண்டு வழுக்கிக் கழுத்துக்கு வந்துவிட்டது.

"ஏத்தா, எழுத்தாளரு சும்மாட்டக் கழுத்துல கட்டிருக்காக பாரு!"

"மாப்பிள்ள அழைப்புக்குப் போறாக போல."

"சும்மா இருங்கடி. அண்ணே, அந்தப் பெட்டியிலயும் ஒரு உபயம் எழுதிருங்க. லாரிக்காரன் வேற யாருதுன்னு நெனச்சுருவான்."

சிரித்துக்கொண்டேதான் நடந்தேன், முதல் கேப்பு வருகிறவரை. என் சிமெண்டை அவர்கள் எடுத்துவிட்டிருந்தார்கள். விளிம்பையும் வெட்டி அகலமாக்கி, நடக்க ஒரு பலகையைக் குறுக்கே போட்டிருந்தார்கள். பலகைக்கு இரண்டு பக்கமும் கீழே ஆறு தெரிந்தது. தலையில் பெட்டி இருப்பதால் குனிந்து பார்க்க முடியாது. பார்க்காமல் கால் வைக்கவும் முடியாது. கண்ணை மட்டும் கீழே உருட்டிப் பார்த்தேன். உத்திரம் மூச்சுவிட்டது கண்ணில் வந்து நின்றது. கால் நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் வரிசையே நின்றது.

"நிக்காதீக அண்ணே! கூட்டமா நிக்கக் கூடாதுன்னு அந்தம்மா சொல்லிருக்காக!"

"பாலம் விழுந்தா நானும்தானத்தா விழுவேன்" என்றேன், திரும்பாமல்.

"நீங்க விழுந்தா பேப்பர்ல போடுவாக. நாங்க விழுந்தா யாரு போடுவா? நடங்க."

நடந்தேன். பலகை வளைந்து கொடுத்தது. அதற்குப் பிறகு அன்று முழுவதும் போய் வந்துகொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பலகையில் உயிர் ஒருமுறை போய் வந்தது. பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை. பெண்களுக்கு அது பாலமும் இல்லை, பள்ளமும் இல்லை. மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டே கடந்தார்கள். திராட்சை மணம் தலைக்கு மேலேயே இருந்தது. கழுத்து தோளுக்குள் இறங்கிவிட்டதுபோல ஒரு பிரமை.

பிற்பகலில் மேகமலைப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்தது. "ஏத்தா, சுருக்கா வாங்கத்தா!" என்று மச்சான் தோட்டத்துக்கும் பாலத்துக்கும் நடுவில் கத்திக்கொண்டே ஓடினார். கடைசி டிராக்டர் நடையைச் சுமந்து இறக்கி, லாரியில் தார்ப்பாய் இழுத்துக் கட்டும்போது முதல் சொட்டு என் மூக்கில் விழுந்தது. அப்புறம் சொட்டுச் சொட்டாக விழவில்லை, கொட்டியது. பொறியாளர் விசில் ஊதி எல்லோரையும் பாலத்தைவிட்டு இறக்கினார். தோட்டத்தில் மேலக்கடைசி வரிசைகள் வெட்டாமலே நின்றன. அவை மழைக்குப் போயின. மற்றதெல்லாம் தேனிக்குப் போனது.

நனைந்துகொண்டே மச்சான் என்னிடம் வந்தார். மடியிலிருந்து ஒரு கொத்தை எடுத்து நீட்டினார். "சாப்பிடுங்க மாப்ள. காலையிலருந்து ஒண்ணுகூட வாயில போடலையே நீங்க." உண்மைதான். கையை எடுத்தால் பெட்டி விழுந்துவிடும் என்று பயந்துபோய் அன்று முழுவதும் ஒரு திராட்சைகூடத் தின்னவில்லை.

பாலத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். அதையும் போய் நின்று பார்த்தேன். அவ்வளவு பெரிய பாலம், இலைக்கு அடியில் கைவிட்டுத் தூக்குகிறமாதிரி மெதுவாக மேலே வந்தது. துருப்பிடித்த தகடுகளை உருவிவிட்டுப் புதியவை வைத்தார்கள். உத்திரத்தின் முனையைச் செதுக்கிப் புதுக் காரை கட்டினார்கள். தண்ணீர்க் குழாய்களைத் திறந்தார்கள். கேப்புகளில் ரப்பரும் இரும்புமாக ஏதோ வைத்துப் பூட்டினார்கள். கடைசியாக ஒரே ஒரு அடுக்குத் தார். திறந்த அன்று ஸ்கூட்டரில் போனபோது முதல் கேப்பில் 'டக்' என்று சின்னதாக ஒரு சத்தம் வந்தது. அது எனக்கு நாயனம் மாதிரி கேட்டது.

ஆனால் மனதில் இருந்தது இறங்கவில்லை. பொறியாளர் கிளம்புகிற அன்று மச்சானையும் இழுத்துக்கொண்டு போனேன். "எதுக்கு மாப்ள, தூங்குற நாயை எழுப்பிக்கிட்டு?" என்று முனகிக்கொண்டே வந்தார். நான் தயாரித்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். என் அறியாமையால் ஒரு பாலம் உடைந்தது, ஒரு ஊர் அவதிப்பட்டது, இதை என் ஆயுளுக்கும் மறக்கமாட்டேன், முறைப்படி நடவடிக்கை எடுப்பதானால் நான் தயார். சொல்லும்போதே என் குரல் கம்மியது. கொஞ்சம் நன்றாகவே கம்மியது.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "உங்களாலயா? யார் சொன்னா?"

"நீங்கதான... அடைச்சா பாலம் எங்க போகும்னு..."

"அடைக்கக் கூடாதுன்னு சொன்னேன் சார். நீங்க அடைச்சீங்கன்னு எப்ப சொன்னேன்? ஒடஞ்ச உத்திரம் அந்தக் கோடில இருக்கு, நாலு தூண் தள்ளி. தண்ணி எறங்கி எறங்கி எப்பவோ போனது அது. உங்க கேப்புல ஒண்ணுமே ஆகல."

"சிமெண்டு..."

"அது சிமெண்டே இல்ல சார், மணல். மேல உங்க பேரு இருந்த எடம் மட்டும் அப்பளம் மாதிரி நின்னுது, தார் ஒட்டிப் பிடிச்சிருந்ததால. கீழ பூராம் பொடி. உடைக்கக்கூட இல்ல, விளக்குமாத்தால கூட்டி எடுத்துட்டாங்க. அது ஒரு நாள்கூடப் பாலத்தத் தடுத்திருக்காது. இனிமே மட்டும் எதையும் தொடாதீங்க."

மச்சானின் முகம் சிவந்தது. "அது நல்ல சிமெண்டும்மா. எந் தோட்டத்துத் தொட்டி அதுலதான் கட்டுனது."

"தொட்டி ஒழுகுதா?" என்று அவர் கேட்டார்.

மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தார். தொட்டி ஒழுகுவது எனக்குத் தெரியும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக மனைவியிடம் சொன்னேன். பாலம் என்னால் உடையவில்லை. என் சிமெண்டால் ஒரு மண்ணும் ஆகவில்லை. இஞ்சினியரே தன் வாயால் சொல்லிவிட்டார். அன்று மச்சானிடம் என்ன சொன்னேன்? கெடுக்கவா போகிறோம் என்றுதானே? மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு, தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் மறுநாள் மோர்க்குழம்புக்குப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே சொன்னாள்:

"அப்ப, கெடுக்கிறதுக்குக்கூட நீங்க ஆகலையாக்கும்."